எம்பரின் எண்ணூற்றுப் பத்து டாலர்

பிரையர் ஃபோர்க்குக்குப் புதிதாக வருகிற யாரும் நெல்டா நேப்பியரை முதலில் பார்ப்பது சிவப்பு விளக்கில்தான். ஊருக்கே ஒரே ஒரு சிவப்பு விளக்கு. மளிகைக் கடைக்கும் பெட்ரோல் பங்குக்கும் நடுவே அது தொங்குகிறது. சனிக்கிழமை காலையில் அங்கே வண்டி நின்றால், பளபளக்கும் மஞ்சள் மேலங்கி மாட்டிய கனத்த பெண் ஒருத்தி வந்து கண்ணாடியைத் தட்டுவாள். கையில் பிளாஸ்டிக் வாளி.

"கண்ணாடிய இறக்குங்க சார், உள்ள இருந்து சிரிச்சா சில்லறை வெளிய வராது. எங்க சியர் புள்ளைங்க ஃப்ளோரிடா போகணும்."

"போன வருஷமும் இதத்தான சொன்னீங்க?" என்பார் பின்வண்டி உள்ளூர்க்காரர்.

"போன வருஷம் போச்சுங்க. திரும்பியும் வந்திருச்சுங்களே, என்ன பண்றது!"

பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு வந்த இந்தக் கதைக்காரனும் அப்படித்தான் ஐந்து டாலரைப் பறிகொடுத்து அவளை அறிந்தான்.

நெல்டாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பள்ளிச் சமையலறையில் பத்தொன்பது வருடமாக வேலை. எந்தப் பிள்ளை காலையில் வீட்டில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்பது அவளுக்கு முகத்தைப் பார்த்தே தெரியும்; அந்தத் தட்டில் உருளைக்கிழங்கு கூட ஒரு கரண்டி விழும். கேட்டால், "கை தவறிருச்சு" என்பாள். கணவன் ஆர்லிஸ் கல் குவாரியில் லாரி ஓட்டுகிறவன். ஒரே மகள் டேலின், பத்தாம் வகுப்பு, விளையாட்டுப் போட்டிகளில் கூட்டத்தை உற்சாகப்படுத்தி ஆடும் சியர் அணியில் மேலே ஏறி நிற்கிறவள். மூன்று பெண்கள் கீழே நின்று அவளைத் தலைக்குமேல் தூக்கி எறிவார்கள். அவள் காற்றில் ஒரு சுற்று சுற்றி இறங்குவாள். இறங்கும்போது பின்னாலிருந்து தோளைத் தாங்கிப் பிடிப்பவள் எம்பர் சைஸ்மோர். பன்னிரண்டாம் வகுப்பு. நெடுநெடுவென்று வளர்ந்தவள், அதிகம் பேசாதவள்.

அந்த வருடம் நவம்பரில் அணி வட்டாரப் போட்டியில் முதலிடம் பிடித்தது. பிப்ரவரியில் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் தேசியப் போட்டி. ஊரே தீயணைப்பு வண்டியை முன்னால் விட்டு, சைரன் ஒலி எழுப்பிப் பெண்களை ஊர்வலமாக அழைத்து வந்தது. ஆனால் அந்த வெற்றியில் கிடைத்தது போவதற்கான உரிமை மட்டும். போகிற செலவு அவரவர் பாடு. பேருந்து வாடகை ஒரு பக்கம். போட்டி நடத்துகிறவர்கள் சொல்கிற விடுதியில்தான் தங்க வேண்டும். பாதி விலையில் பக்கத்துத் தெருவில் அறை கிடைத்தாலும் தங்க முடியாது. நுழைவுக் கட்டணம், சாப்பாடு. எல்லாவற்றையும் கூட்டி இருபத்து நான்கு பெண்களால் வகுத்தபோது தலைக்கு ஆயிரத்து நூற்றைம்பது டாலர் வந்தது. குவாரி பாதி நாள் மூடிக் கிடக்கிற ஊரில் அது சின்னத் தொகையில்லை.

அதற்குத்தான் வாளி. சனிக்கிழமைதோறும் பெண்கள் சீருடையோடு சாலையில் நின்று வண்டிகளை மறித்து வசூலிப்பார்கள். அந்தப் பக்கத்து மலை ஊர்களில் எல்லா அணிகளும் செய்கிற காரியம். ஆனால் பிரையர் ஃபோர்க்கில் ஒவ்வொரு வாளியிலும் ஒரு பெயர் எழுதியிருக்கும். உன் வாளியில் விழுந்தது உன் பங்குக்கு. இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவள் பெற்றோர் சங்கத் தலைவியான நெல்டாதான். முன்பு ஒரு குடும்பம் ஒருநாள்கூடத் தெருவில் நிற்காமல் மகளை அனுப்பிவிட, மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பை அடக்க வந்த விதி இது. யார் எங்கே நிற்பது என்று தீர்மானிப்பதும் அவள்தான்.

சிவப்பு விளக்கில் வண்டி நின்றே ஆக வேண்டும். ஒரு காலையில் நூறு டாலர் விழும். ஆற்றுப் பாலத்து முனையில் எந்த வண்டியும் நிற்காது. இறக்கத்தில் வேகமாக வருகிறவன் வாளியைப் பார்ப்பதற்குள் தாண்டிப் போயிருப்பான். அங்கே முப்பது விழுந்தால் அதிகம். இடங்களை வாரா வாரம் மாற்ற வேண்டும் என்பது பேச்சு. மற்றவர்கள் மாறிக்கொண்டுதான் இருந்தார்கள். டேலின் மட்டும் எல்லா வாரமும் விளக்கடியில் நின்றாள். அதைச் சரிக்கட்ட யாரோ ஒருத்தி பாலத்து முனையிலேயே நிற்க வேண்டியிருந்தது. கேள்வி கேட்க அம்மா வராத பெண் ஒருத்திதான் இருந்தாள். எம்பரின் அம்மா கிறிஸ்டல் முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்த்துவிட்டுக் காலையில் தூங்குகிறவள்.

டிசம்பரில் ஒருநாள் எம்பரே கேட்டாள். குளிரில் மூக்கு சிவந்திருந்தது.

"மிஸ் நெல்டா, இந்த வாரம் நான் விளக்குகிட்ட நிக்கட்டுமா?"

"அடுத்த வாரம் பாக்கலாம் கண்ணு. நீ ஒசரமா இருக்க, பாலத்துகிட்ட தூரத்துல வர்றவனுக்குக்கூட உன்னத் தெரியும்ல."

எம்பர் சிரித்தாள். நெல்டாவும் சிரித்தாள். சொன்ன கையோடு அந்தக் காரணத்தை அவளே பாதி நம்பியும் விட்டாள். அடுத்த வாரமும் எம்பர் பாலத்துக்குத்தான் போனாள். அதன்பிறகு அவள் கேட்கவில்லை.

ஜனவரி இருபதாம் தேதி பணம் கட்டக் கடைசி நாள். கிறிஸ்டல் வேலை முடிந்து, நீல உடுப்பைக்கூட மாற்றாமல் சமையலறைப் பின்வாசலுக்கு வந்தாள். வாளிப் பணமும் அவள் மிச்சம் பிடித்ததும் சேர்த்து எண்ணூற்றுப் பத்து. முந்நூற்று நாற்பது குறைந்தது.

"பிப்ரவரி பத்தாம் தேதி சம்பளம் வந்ததும் குடுத்துர்றேன் நெல்டா. எங்கயும் ஓடிப்போக மாட்டேன். ஓடுறதுக்கு என் கார்ல கியர் விழாது."

"எனக்குத் தெரியாதா கிறிஸ்டல். ஆனா உனக்கு விட்டா நாளைக்குப் பத்துப் பேரு வந்து நிப்பாங்க. போன வருஷம் ஹென்ஸ்லி வீட்டுக்கும் இல்லன்னுதான சொன்னேன்."

"அவங்க புள்ள ஏழாவது படிச்சுது. அதுக்கு இன்னும் அஞ்சு வருஷம் கெடக்கு. எம்பருக்கு இதான் கடேசி வருஷம்."

நெல்டா பெரிய அண்டாவின் விளிம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"சரி," என்றாள் கிறிஸ்டல். "அப்ப கட்டுன பணம்?"

"அது... திருப்பித் தர வழியில்ல. கட்டுன பணம் திரும்பாதுன்னு செப்டம்பர்ல தாள்ல கையெழுத்துப் போட்டிருக்க."

"போட்டேன். உன் சமையல சாப்பிடுறதுக்குக்கூட ஒரு தாள்ல கையெழுத்து வாங்கணும் நீ." அவ்வளவுதான் சொன்னாள். கார் மூன்றாவது முயற்சியில் கிளம்பிப் போனது.

அன்று மாலை பயறுச் சூப்பும் சோளரொட்டியும் சாப்பிடும்போது டேலின் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"என்னப் புடிக்கிறவ அவதாம்மா. இப்ப யாரு புடிப்பா?"

"மேடிசன் புடிப்பா. கோச் சொல்லிட்டாங்க."

"மேடிசன் இடுப்பு ஒசரந்தான் இருக்கா. மாடிப்படியில நிக்க வெச்சுப் புடிக்கச் சொல்லு." டேலின் எழுந்து அறைக்குப் போய்விட்டாள்.

ஆர்லிஸ் ரொட்டியைச் சூப்பில் பிய்த்துப் போட்டுக்கொண்டே கேட்டான்: "அந்தப் பொண்ணு வரலன்னா பஸ்ஸுக்காரன் எவ்வளவு கொறைப்பான்?"

"பஸ்ஸுக்கு என்ன கொறையும்? பஸ்ஸு பஸ்ஸுதான்."

"ரூமு?"

"நாலு பேருக்கு ஒரு ரூமு. மூணு பேரு படுத்தாலும் அதே வாடகை."

"நானும் அதான் நெனச்சேன். லாரில கல்லு முழுசா ஏத்துனாலும் ஒரு கல்லு கம்மியா ஏத்துனாலும் டீசல் அதேதான் குடிக்குது." அவன் குத்திக்காட்டவில்லை. உப்பைக் கேட்கிற குரலில்தான் சொன்னான்.

நெல்டா பழைய உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். எம்பர் வந்தாலும் வராவிட்டாலும் பேருந்தும் அறையும் மாறாது. அவள் வருவதால் உண்மையில் கூடுகிற செலவு நுழைவுக் கட்டணமும் சாப்பாடும் மட்டும், ஐந்நூற்று இருபது டாலர். அவள் கட்டியதோ எண்ணூற்றுப் பத்து. தன் செலவுக்கு மேல் கட்டியவளைத்தான் பணம் போதவில்லை என்று நிறுத்தியிருக்கிறார்கள். குறைகிற முந்நூற்று நாற்பதை மற்றவர்கள் ஏற்றுக்கொண்டால் ஆளுக்குப் பதினைந்து டாலர்கூட வராது. அவளை விட்டுவிட்டுப் போனால் எல்லாச் செலவும் போக நூற்றெண்பது மிஞ்சும். பாலத்து முனையில் அந்தப் பெண் சேர்த்த காசு மற்றப் பெண்களைச் சுமந்து போகும்.

மொத்தத்தைத் தலைகளால் வகுத்து அதைச் செலவு என்று அவள் ஆறு வருடமாகச் சொல்லி வந்திருக்கிறாள். ஒருமுறைகூட யோசித்ததில்லை.

போட்டிக்கான பெயர்ப் பட்டியல் மூட இன்னும் ஐந்து நாள் இருந்தது. ஒரு தொலைபேசி அழைப்பு போதும். கோச்சுக்குச் சொன்னால் பெயரைச் சேர்த்துவிடுவார். நெல்டா இரண்டு முறை தொலைபேசியை எடுத்தாள். எடுத்ததும் அடுத்த கேள்வி காதில் விழுந்தது: எம்பருக்கு மட்டும் ஏன் குறைந்தது? வாரா வாரம் வந்தாளே, எங்கே நின்றாள்? யார் நிறுத்தியது? அந்தக் கேள்வியைச் சங்கக் கூட்டத்தில் கேட்கப் போகிறவர்கள் யார் யார் என்று முகம் முகமாக அவளுக்குத் தெரிந்தது. சனி, ஞாயிறு போனது. திங்கள் போனது. செவ்வாய் பனி கொட்டி பள்ளி விடுமுறை. புதன் மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் மூடியது. மூடியதும் அவளுக்கு வந்தது நிம்மதி. அதைத்தான் பின்னாளில் அவளால் தாங்க முடியவில்லை.

பேருந்து கிளம்பிய காலை எம்பர் வழியனுப்ப வந்திருந்தாள். டேலினைக் கட்டிப்பிடித்து, "மேடிசன் மொதல்ல இடது கையத்தான் குடுப்பா, நீ வலது பக்கம் சாயாத" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். மிஞ்சிய நூற்றெண்பது டாலருக்கு நெல்டா எல்லாப் பெண்களுக்கும் மினுமினுக்கும் கண்ணாடிக் கல் பதித்த புது ரிப்பன் வாங்கியிருந்தாள். வேறு எதற்குச் செலவழிப்பது என்று தெரியவில்லை. ஆர்லாண்டோவில் யாரும் விழவில்லை. மேடிசன் சரியாகப் பிடித்தாள். அணி ஒன்பதாம் இடம். இரண்டரை நிமிட ஆட்டத்தில் நெல்டா பார்த்தது இருபத்து மூன்று தலைகளில் ஆடிய ரிப்பன்களை மட்டும். யாராவது விழுந்திருந்தால்கூடத் தேவலை என்று ஒரு கணம் தோன்றி, அதற்கும் சேர்த்துத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஊர் திரும்பிய மறுநாள் சொந்தச் சேமிப்பிலிருந்து எண்ணூற்றுப் பத்து டாலரை எடுத்துக்கொண்டு கிறிஸ்டலின் வீட்டுக்குப் போனாள். கிறிஸ்டல் கதவைத் திறந்தாள், உள்ளே கூப்பிடவில்லை.

"இது உன் பணம். சங்கத்தோடது இல்ல, என்னோடது. அப்புறம்... நான் ஒண்ணு சொல்லணும். இடம் மாத்திவிட வேண்டியவ நான். டேலின விளக்குகிட்டயே நிக்கவெச்சேன். எம்பர வேணும்னேதான் பாலத்துல—"

"தெரியும்."

நெல்டா பண உறையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.

"எம்பர் மொத மாசமே சொன்னா. நாந்தான் வாய மூடிட்டு நில்லுடின்னேன். சண்ட போட்டா அணிய விட்டுத் தூக்கிருவாங்கன்னு பயம். ஊருல எல்லாருக்கும் தெரியும் நெல்டா. உனக்கு மட்டுந்தான் அது ரகசியம்."

கிறிஸ்டல் உறையை வாங்கிக்கொண்டாள். எண்ணிப் பார்க்கவில்லை. "கார் கியருக்கு ஆகும்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். உள்ளே எம்பர் யாருடனோ போனில் சிரித்துப் பேசுவது கேட்டது. நெல்டா படியிலேயே சிறிது நேரம் நின்றாள். கூப்பிடத் தைரியம் வரவில்லை.

மார்ச் மாதக் கூட்டத்தில் அவள் எழுந்து எல்லாவற்றையும் சொன்னாள். வாளியில் பெயர் எழுதுவதை நிறுத்திவிடலாம், எல்லாம் ஒரே கூடையில் விழட்டும், போகிறவர்கள் எல்லோரும் போகட்டும் என்றாள். உறையின் பின்பக்கக் கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டினாள். யாரும் அவளைத் திட்டவில்லை. மேடிசனின் அப்பா மட்டும் தொண்டையைச் செருமினார்.

"கணக்கெல்லாம் சரிதான் நெல்டா. ஆனா என் பொண்ணு பனில நின்னு வாங்குன காசு அடுத்த வீட்டுப் பொண்ணுக்குப் போவுமா? இந்த விதியச் சொன்னதே நீதான."

கைதூக்கச் சொன்னபோது நெல்டாவின் பக்கம் நான்கு கைகள் உயர்ந்தன. எதிர்ப்பக்கம் பதினேழு. அன்றே அவள் தலைவி பதவியிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தாள்.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. டேலின் லெக்ஸிங்டனில் கல்லூரியில் படிக்கிறாள், சியர் ஆடுவதில்லை. எம்பர் ஓஹாயோவில் ஒரு பல் மருத்துவமனையில் வேலை செய்கிறாள் என்று கிறிஸ்டல் மளிகைக் கடை வரிசையில் நிற்கும்போது இந்தக் கதைக்காரனிடம் சொன்னாள். பிரையர் ஃபோர்க்கின் வாளிகளில் இன்றும் பெயர் எழுதியிருக்கிறது. நெல்டா பள்ளிச் சமையலறையில்தான் இருக்கிறாள். எம்பரிடம் அவள் இன்னும் பேசவில்லை.