மளிகைக் கடைக் காலண்டரும் அம்மாவின் திதியும்

விமானம் பெங்களூரில் தரையைத் தொட்டபோது மணி ஒன்பதே முக்கால். எட்டுக்குத் தொட்டிருக்க வேண்டும். சக்கரம் ஓடி ஓய்வதற்குள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நானும்தான். கதவு திறக்க இன்னும் கால் மணி ஆகும் என்று தெரிந்தும் நின்றேன். முன்னால் நிற்பவனின் முதுகோடு, அந்த முதுகில் தொங்கிய கழுத்துத் தலையணையோடு சண்டைக்குத் தயாராக நின்றேன். பாலித் தீவில் ஏழு நாள் கடல் கழுவிக் கழுவித் தந்த முகம் எனக்கு. வெளியே வருவதற்குள் பழைய முகம் திரும்பிவிட்டது.

பன்னிரண்டு மணிக்கு மல்லேஸ்வரத்தில், அண்ணா வீட்டில், அம்மாவின் திவசம். நான் வராவிட்டால் தனியாகச் செய்துவிடுவதாகவும், இனிமேல் வருடாவருடம் அவரவர் வீட்டில் அவரவர் செய்துகொள்ளலாம் என்றும் அண்ணா சொல்லியனுப்பியிருந்தான். நேரே சொல்லவில்லை. நாங்கள் பேசிப் பத்து மாதம் ஆகிறது.

மரம்தான் காரணம். வாசலில் அம்மா நட்ட செண்பக மரத்தை, காரை நிறுத்த இடமில்லையென்று அண்ணா வெட்டினான். நான் என் வைட்ஃபீல்டு ஃபிளாட்டிலிருந்து போய் நின்று கத்தினேன்.

"பதினாலாவது மாடியில உக்காந்துண்டு நிழல் கேக்கறான் பாரு," என்றான் அவன், என்னிடம் அல்ல, மன்னியிடம். "தெனம் இலை பெருக்கறது யாரு? இவன் வந்து பெருக்குவானா?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அம்மா போனதிலிருந்து அண்ணாதான் பஞ்சாங்கம் பார்த்துத் தேதி சொல்வான். இன்ன கிழமை, பத்தரைக்கு வந்துடு, காபி குடிச்சுட்டு வராத. அவ்வளவுதான் அந்த ஃபோன். இந்த வருடம் அவனிடம் போய்க் கேட்பதா என்ற திமிரில் நானே பார்த்தேன். எங்கள் சமையலறையில் தொங்குவது மளிகைக் கடைக்காரர் தந்த கன்னடக் காலண்டர். கன்னடம் பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்ற கர்வம் வேறு. வைகாசி வளர்பிறை தசமி, அவர்களுக்கு ஜ்யேஷ்ட மாதம் என்று விரல் வைத்து எண்ணி, ஜூன் கடைசியில் ஒரு கட்டத்தைப் பேனாவால் வட்டமிட்டேன். அவர்கள் மாதம் சந்திரனை வைத்து, நம் மாதம் சூரியனை வைத்து. பல வருடங்களில் இரண்டும் கைகோத்துக்கொண்டே வந்துவிடும். இந்த வருடம் அவர்களுக்கு ஒரு மாதம் கூடுதலாக விழுந்திருந்தது. நான் வட்டமிட்ட தசமி அம்மாவின் தசமியே அல்ல. அது தெரியாமல் மே மாதத்தில் கடல் பார்க்கக் கிளம்பினேன்.

பாலியிலிருந்து திரும்புவதற்கு முதல் நாள், மணலில் படுத்துக்கொண்டு என் மனைவி ஃபோனைப் படித்தாள். "மன்னி மெசேஜ் அனுப்பியிருக்கா. செவ்வாக்கிழமை சிராத்தமாம். வரேளா இல்லையான்னு கேக்கறா."

"அடுத்த மாசம்னா வரது?"

"உங்க காலண்டர்ல அடுத்த மாசம். உங்கம்மாவுக்கு இந்த மாசம்."

செவ்வாய்க்கிழமை காலைதான் நாங்கள் வந்து இறங்குவது. அதற்குப் பிறகு அந்தக் கடல் எனக்குக் கடலாக இல்லை. எனக்கும் மல்லேஸ்வரத்துக்கும் நடுவே கிடந்த உப்புத் தண்ணீர். திவசம் முடியும்வரை செய்கிறவன் சாப்பிடக் கூடாது. விமானத்தில் நீட்டிய தட்டைத் திருப்பி அனுப்பினேன். மனைவி மட்டும் காபி வாங்கி, என் மூக்குக்கு நேரே வைத்து, ஊதி ஊதிக் குடித்தாள்.

"பட்டினி உங்களுக்குத்தானே. நானா காலண்டர் பாத்தேன்?"

பாஸ்போர்ட் வரிசை பாம்புபோல வளைந்து வளைந்து எங்களை எங்களிடமே கொண்டுவந்து விட்டது. ஒரே குடும்பத்தை நாலு தடவை எதிரில் பார்த்தேன். நாலாவது தடவை அவர்களை வெறுத்தேன். ஃபோனில் மன்னி: திவசம் பண்ணிவைக்க வாத்தியார் வந்தாச்சு. பத்தே முக்காலுக்குப் பெட்டிகள் வரும் பட்டையருகே நின்றோம். ரப்பர் நாக்கு ஊரார் பெட்டிகளையெல்லாம் துப்பியது. எங்களுடையது வரவில்லை.

"நீங்க போங்கோ," என்றாள் மனைவி. "நான் பெட்டியை எடுத்துண்டு வரேன்."

"உன்னைத் தனியா விட்டுட்டா?"

"பெங்களூர்தானே, தொலைஞ்சா போயிடுவேன்? போங்கோன்னா. அங்க போய் வாயைத் திறக்காதீங்கோ. அது ஒண்ணுதான் கேக்கறேன்."

டாக்ஸி ஹெப்பாள மேம்பாலம்வரை பறந்தது. பிறகு நின்றது. எனக்கு முன்னால் ஒரு நகரம் முழுக்கத் தன் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது, சிவப்பு சிவப்பாக. இரண்டு கடல் தாண்டி வந்தவனை ஒரு பாலம் தடுத்தது. நான் காலைத் தட்டிக்கொண்டே இருந்ததைப் பார்த்து டிரைவர் கன்னடத்தில் என்ன அவசரம் என்று கேட்டார். அம்மாவின் திதி என்றேன்.

கண்ணாடியில் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நம்மல்லி அதிக மாசதல்லி மாடல்லா சார்."

அவர்கள் வீட்டில் இந்தக் கூடுதல் மாதத்தில் செய்ய மாட்டார்களாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் சமையலறைக் காலண்டரே சட்டை போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவதுபோல இருந்தது.

சதாசிவநகர் தாண்டி, மல்லேஸ்வரத்துக்குள் நுழைகிற சிக்னலில் இறங்கிவிட்டேன். கடற்கரைச் செருப்போடு ஓடினேன். ஐம்பது வயதுக்காரன் ஓடினால் இந்த ஊர் வழி விடாது, நின்று பார்க்கும். ஒரு ஸ்கூட்டர்காரர் திட்டினார், நானும் திட்டினேன், இரண்டு பேருக்கும் நின்று திட்ட நேரமில்லை.

அண்ணா வீட்டு வாசலில், மரம் இருந்த இடத்தில் கார், கவர் போர்த்திக்கொண்டு நோயாளிபோல் படுத்திருந்தது. மணி பன்னிரண்டரை. முடிந்திருக்கும் என்று நினைத்தேன். புகை வாசனை வருகிறதா என்று மோந்தேன். வரவில்லை.

கூடத்தில் வாத்தியார் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவருக்குக் கோபம் பொங்கியது. "ராஜாஜிநகர்ல இன்னொரு ஆத்துக்கு ஒண்ணரைக்கு வரேன்னிருக்கேன். ஆரம்பிச்சுடலாம்னு முக்கால் மணியா சொல்றேன். உங்கண்ணா வறட்டி ஈரம்ங்கறார், நெய் உருகலைங்கறார். மே மாசத்துல நெய் உருகாதா, சொல்லுங்கோ."

அண்ணா பலகையில் உட்கார்ந்தபடி தர்ப்பையை எண்ணிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. மன்னியிடம் சொன்னான்: "குளிச்சுட்டு வரச் சொல்லு. காலண்டர் பாக்கத் தெரியாதவன்லாம் கப்பல் ஏறறான்."

வாயைத் திறக்காதே என்று மனைவி சொல்லியிருந்தாள். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனேன்.

குளித்துவிட்டு ஈரத்தோடு பின்கட்டுக்குப் போனேன். மற்றவர் கைபடாத உயரத்தில் கொடி. முந்தின நாளே நனைத்து மடியாக உலர்த்துகிற வேஷ்டிகளை அண்ணா கோலால்தான் போடுவான், வேறு யாரையும் தொடவிடமாட்டான். அவனுடையதை அவன் எடுத்து உடுத்தியாயிற்று. கொடியில் இன்னொன்று தொங்கியது. அரக்குக் கரை, ஒன்பது முழம், என்னுடையது. போன வருடம் விட்டுப்போனது. வருவேனா என்று தெரியாத நேற்று, வரமாட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டே, அதை நனைத்துப் பிழிந்து சுருக்கம் நீக்கி விரித்திருக்கிறான். கோலால் அதை இறக்கி உடுத்திக்கொண்டேன்.

"தம்பி பின்னாடி உக்காந்து, தர்ப்பையால அண்ணாவைத் தொட்டுக்கோங்கோ," என்றார் வாத்தியார்.

அவன் மந்திரம் சொல்லச் சொல்ல, என் கையிலிருந்த புல் நுனி அவன் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது. நரைத்த ரோமம், ஒரு பழைய அம்மைத் தழும்பு, மூச்சு வாங்கும் முதுகு. பத்து மாதமாக இந்த முதுகைத்தான் மனத்துக்குள் திட்டியிருக்கிறேன்.

"அழுத்தாதடா. குத்தறது."

பத்து மாதத்தில் எனக்கென்று சொன்ன முதல் வார்த்தை. இன்னும் கொஞ்சம் அழுத்திவிட்டுத்தான் தளர்த்தினேன்.

மனைவி பெட்டியோடு வந்தபோது இரண்டு மணி. எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபோது நாலு. கிளம்பும்போது அண்ணா உள்ளே போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்துவந்து என்னிடம் நீட்டினான்.

"கொண்டுபோ. அடுத்த வருஷத்துது வாங்கினதும் அதையும் தரேன். பாத்துக் கத்துக்கோ. நான் இனிமே ஃபோன் பண்ணமாட்டேன்."

வாங்கிக்கொண்டேன். அவன் எங்கள் பெட்டியைத் தூக்கி டாக்ஸியில் வைக்கப் போன நேரத்தில், செருப்பு அலமாரியின் மேல், அவன் கண்ணில் படும்படி, அதை வைத்துவிட்டு வந்தேன்.