மருமகள் வாயில் வராத பெயர்

நோம்போனிசோ என்று பெயர் வைத்திருந்தாலும் கோர்ட் வளாகத்தில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பிறந்த குலத்தை வைத்து மாபேலெ என்பார்கள். கல்யாணமான பெண்ணுக்கு அதுதான் மரியாதை. பதினாறு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை, அடிபட்டவர்களையும் கண்ணால் பார்த்தவர்களையும் கோர்ட்டுக்குப் பழக்குவது. நீதிபதி எங்கே உட்காருவார், வக்கீல் கத்தினால் என்ன செய்வது, அழுகை வந்தால் தண்ணீர் கேட்கலாம், தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். வழக்கைப் பற்றி மட்டும் மூச்சு விடக் கூடாது. விட்டால், சாட்சிக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாள் என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும்.

அந்த நாட்டில் ஜூன்தான் குளிர்காலம். அந்தக் குளிரில் சாட்சி சொல்ல நோவேத்து வந்தாள். அவள் மாமனார் தன் மனைவியைச் சமையல் குடிசையில் வைத்துத் தடியால் அடித்தார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று. பார்த்தது மருமகள் ஒருத்திதான். போலீசுக்குப் போனதற்காகப் புருஷன் வீட்டார் அவளை வீட்டை விட்டுத் துரத்தி, இரண்டு பெண் பிள்ளைகளையும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கிழவர் விடுதலையானால் பிள்ளைகளும் அவரோடுதான்.

"அவர் முன்னாடி நின்னு என்னால பேச முடியாதுக்கா."

"நிக்கவே வேணாம். தனி ரூம்ல கேமரா முன்னாடி உக்காந்து பேசு, கோர்ட்ல டிவில பாத்துக்குவாங்க. அவர் மூஞ்சியையே நீ பாக்க வேணாம். சரிதானே?"

அந்தத் தனி அறைக்காக மாபேலெ மூன்று வாரம் அலையாய் அலைந்தாள். கிடைத்தபோது அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது, சொன்னால் என்ன.

விசாரணை நாளில் அந்தத் தனி அறையில் நோவேத்து பக்கத்தில் மாபேலெ வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சட்டம் அப்படி. யார் அடித்தது என்று அரசு வக்கீல் டிவியில் கேட்டார்.

"என் வீட்டுக்காரரோட அப்பா."

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "பெரியப்பா, சித்தப்பா எல்லாரையும் நீங்க அப்பான்னுதானம்மா சொல்வீங்க? அன்னிக்கு அண்ணன் தம்பி மூணு பேரும் வீட்லதான் இருந்தாங்க. எந்த அப்பா?"

"மாட்டுத் தொழுவத்துக்குச் சொந்தக்காரர்."

"தொழுவம் மூணு பேருக்கும் பொது. பேரைச் சொல்லு."

நோவேத்து கேமராவிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வாக்குமூலத்துல பேரு இருக்கே, நீ சொன்னியா?"

"இல்ல. போலீஸ்காரங்களே எழுதிக்கிட்டாங்க. எனக்குப் படிக்கத் தெரியாது."

மாபேலெக்கு அப்போதுதான் உறைத்தது. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்வதில்லை. செத்துப்போன மாமியார்தான் இவளுக்கு அதைப் பழக்கியிருப்பாள். படுபாவி வக்கீல்! அவன் வீட்டு மருமகள் மட்டும் மாமனார் பெயரைச் சொல்லியா கூப்பிடுகிறாள்? கையைக் காட்டலாம் என்றால் கிழவர் இந்த அறையில் இல்லை. அவர் இல்லாதபடி பார்த்துக்கொண்டதே மாபேலெதான். தானும் இருபத்திரண்டு வருஷம் மருமகளாக இருந்தும் இது தோன்றவில்லையே என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

நீதிபதி பத்து நிமிஷம் இடைவேளை விட்டார்.

"அக்கா, அவர் இருக்கற இடத்துக்கு நான் போலாமா?"

"கேட்டாப் போலாம். ஆனா அது உன் இஷ்டம்." அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாபேலெக்கு உரிமை இல்லை.

நீதிபதியிடம் கேட்டு அனுமதி வந்ததும், நோவேத்து சால்வையைத் தோளில் இறுக்கி, தலைத்துணியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே கோர்ட்டுக்குள் போனாள். கை நீட்டிக் காட்டுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கூண்டுக்கு எதிரே போய் நின்று, தலையை நிமிர்த்தி, கிழவர் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"ஸ்வெலாக்கே மபூசெலா," என்றாள். "இவர்தான் அடிச்சார்."

பின்வரிசைப் பெண்கள் "ஐயோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதுவரை விறைத்துக்கொண்டு நின்ற கிழவர் தலையைக் குனிந்துகொண்டார். வக்கீலுக்கு வேறு கேள்வி இல்லை.

"எங்க அத்தை கேட்டிருந்தா வாயிலயே ஒண்ணு போட்டிருப்பாங்க," என்று வராந்தாவில் நோவேத்து சிரித்தாள். அப்புறம் மாபேலெயின் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள்.

ஆகஸ்டில் கிழவருக்குத் தண்டனை வந்தது; பிள்ளைகளும் தாயிடம் வந்து சேர்ந்தார்கள். ஆனால் நோவேத்து அந்தப் பெயரைச் சொன்ன அன்றைக்கு மாலையே, மாபேலெ தன் காருக்குள் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக்கொண்டாள். அவளுடைய மாமனார் செத்து ஒன்பது வருஷம். நல்ல மனுஷன், அவளை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. சுற்றிலும் ஒருவரும் இல்லை. அவர் பெயரை ஒரு தடவை சொல்லிப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தாள். நாலு தடவை திறந்தாள். வரவில்லை. சாவியைத் திருப்பி வண்டியை எடுத்தாள்.