மாமா இழுத்த சில்லு வீடு

மகன் போன மாதம் இங்கே ஜெர்மனியில் ஹனோவருக்கு வெளியே ஓரிடத்தில் வோன்வாகன் ஒன்று பார்த்துவிட்டு வந்தான். கட்டில், குசினி, கக்கூசு எல்லாவற்றையும் உள்ளே வைத்து, வாகனத்துக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற வீடு. இழுக்க அவனிடம் பிக்கப் இருக்கிறது.

"மூண்டரைத் தொன் இழுக்குமெண்டு பிக்கப்பின்ர பத்திரத்தில போட்டிருக்கு," என்றான்.

"அப்ப கிரைண்டரையும் ஏத்தலாம்," என்றாள் மருமகள்.

"அதுதான் பிழை. விக்கிறவன் சொல்லுறது வெறும் வண்டியின்ர நிறை. நீர் ஏத்துற அரிசி, தண்ணி, காஸ் எல்லாத்தையும் சேர்த்துத்தான் நிறுக்கவேணும். கொக்கியில விழுற பாரம் வேற."

"அப்ப என்னையும் தராசில ஏத்துவீங்களோ?"

"நீர் பிக்கப்பில எல்லோ இருப்பீர். அது இன்னொரு கணக்கு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வீட்டில் வோன்வாகனில் பிறந்து வளர்ந்தவள் நான் ஒருத்திதான். அது அவர்களுக்குத் தெரியாது.

ஐயா ஊரில் அரசாங்க வீதிக்கு றோளர் ஓட்டியவர். பரப்பிய கல்லை நெரித்துக்கொண்டே றோளர் போகும். அதன் பின்னால் எங்கள் வீடு போகும். பலகைச் சுவர், தகரக் கூரை, கீழே நான்கு லொறிச் சில்லு. வீதி முடிந்தால் வீடும் அடுத்த ஊருக்கு நகரும். மற்றப் பிள்ளைகள் வீதியோரம் நின்று வாய்பார்க்க, நான் வாசற்படியில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பேன். அந்த இருப்புக்கு ஈடாக ஒரு கதிரையை நான் இன்றுவரை காணவில்லை.

அம்மாவின் வீட்டாருக்கு மட்டும் அது பெரிய குறை. முற்றமில்லாத வீட்டுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டோம் என்று தாத்தா சொல்லித் திரிவாராம். அந்தச் சொல் ஐயாவின் நெஞ்சில் முள்ளாக இருந்தது.

தம்பி அம்மாவின் வயிற்றில் இருந்தபோது, பிள்ளைப்பேற்றுக்குக் கூட்டிப்போக மாமா வந்தார். அம்மாவுக்கு இளையவர். வெங்காயம் ஏற்றுகிற ஒரு பழைய பிக்கப் வைத்திருந்தார். அம்மாவை வெறுமனே ஏற்றி அனுப்ப ஐயா சம்மதிக்கவில்லை. வீடும் கூட வரவேண்டும், மாமனார் வாசலில் அது நிற்கவேண்டும் என்றார். வீதி வேலைக்குப் பொறுப்பான ஓவசியரிடம் கேட்டு அனுமதியும் வாங்கினார். மாமா வெறும் வீட்டைக் கொழுவி வெளியில் ஒரு சுற்று இழுத்துப் பார்த்தார். இழுத்தது.

அதன் பிறகுதான் ஐயா ஏற்றத் தொடங்கினார். நெல் மூட்டைகள், தேங்காய், அம்மி, ஆட்டுக்கல், பிளந்த விறகு. வெறுங்கையோடு வந்தான் என்று யாரும் சொல்லக்கூடாதாம். பிக்கப்பின் பின்பக்கம் பதிந்து மூக்கு மேலே கிளம்பிவிட்டது.

மாமா குனிந்து கொக்கியைப் பார்த்தார். "அத்தான், இது இழுத்துப்போடும். ஆனா இறக்கத்தில மறிச்சு நிப்பாட்ட ஏலாது. நெல்லையெண்டாலும் இறக்குங்கோ."

"பயமெண்டால் சொல்லு. நான் றோளரைக் கொண்டுவாறன்."

"பயமில்லை அத்தான்."

"பிறகென்ன கதை? வெங்காயம் ஏத்துறவனுக்கு வெங்காயத்தின்ர நிறைதான் தெரியும்."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ," என்றாள் அம்மா. "எனக்கு இடுப்பு நோகுது. வெளிக்கிடுங்கோ."

மாமா ஏறி இஞ்சினைக் கிளப்பினார். வலப்பக்கம் அவர், இடப்பக்கக் கதவோடு அம்மா, நடுவில் நான். ஐயா பின்னால் வீட்டின் முன்தட்டில், அதன் சில்லுகளை மறிக்கிற கைப்பிரேக்கைப் பிடித்தபடி நின்றார். சமதரையில் நன்றாகத்தான் போனோம். தாத்தாவின் முகத்தைப் பார்க்கப்போகிற சந்தோஷத்தில் ஐயா பாடிக்கொண்டு வந்தார்.

குளக்கட்டிலிருந்து வீதி இறங்குகிற இடத்தில் பாட்டு நின்றது. அதுவரை நாங்கள் வீட்டை இழுத்தோம். அங்கே வீடு எங்களைத் தள்ளத் தொடங்கியது. பிக்கப்பின் பின்பக்கம் இரண்டு பக்கமும் ஆடியது. ஐயா பிரேக்கைச் சுற்றுகிற சத்தமும், ஏதோ எரிகிற மணமும் வந்தன. மாமா காலை ஊன்றி மிதித்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் பிடிக்கவில்லை. இடப்பக்கம் குளம், கரைமுட்டத் தண்ணீர். வலப்பக்கம் வரிசையாக மருதமரங்கள்.

"அக்கா, பிள்ளையை இறுக்கிப் பிடி," என்றார். பிறகு வலப்பக்கம் வெட்டினார்.

மரம் அவருடைய கதவில்தான் ஏறியது.

எனக்கும் அம்மாவுக்கும் ஒரு கீறல் இல்லை. ஐயா நெல் மூட்டைகளின் மேல் விழுந்து தப்பினார். தம்பி தாத்தா வீட்டில் சுகமாகப் பிறந்தான். மாமாவின் வலது காலை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பிக்கப் பழைய இரும்புக்குப் போனது.

மாமாவுக்கு ஓட்டத் தெரியாது என்றது ஊர். "தண்ணிக்க விட்டிருந்தால் காலெண்டாலும் மிஞ்சியிருக்கும். மரத்தைத் தேடிப்போய் அடிச்சிருக்கிறான்," என்று ஐயாவின் முன்னாலேயே சொன்னார்கள். ஐயா கேட்டுக்கொண்டிருந்தார். நெல் மூட்டையைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. மாமாவும் திறக்கவில்லை. ஊர் சொன்னதையே நானும் நம்பினேன்.

ஐயா யாருக்கும் எழும்பாத மனிதர். பெரிய இஞ்சினியர் ஜீப்பில் வந்தால்கூட றோளரிலிருந்து இறங்கமாட்டார். மேலே இருந்தபடியே கதைப்பார். சாப்பாட்டில் இருந்தால் கேட்கவே வேண்டாம். சோற்றின் முன்னால் இருந்து எழும்பக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வெளியே மாமாவின் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. ஐயா பாதிச் சோற்றில் எழும்பி, குழம்புக் கையை அந்தரத்தில் பிடித்தபடி நின்றார். மாமா படியேறி வந்து, பலகையில் அமர்ந்து, கோலைச் சுவரில் சாய்க்கும்வரை அப்படியே நின்றார்.

"மாமாதானே மரத்தில கொண்டுபோய் அடிச்சவர்," என்றேன். "நீங்கள் ஏன் ஐயா எழும்புறீங்கள்?"

மாமா தம்பியைத் தூக்கித் தன் நல்ல காலில் இருத்திக்கொண்டார்.

"சோத்தைச் சாப்பிடு," என்றாள் அம்மா.

அந்த ஊன்றுகோலைக் கண்டு ஐயாவுக்குப் பயமாக்கும் என்று நினைத்துக்கொண்டு, நான் சோற்றைப் பிசைந்தேன்.