பச்சைப் பாதை முடிகிற இடம்

ஆம்பூரில் வேலூர் பஸ்ஸுக்காக நிற்கிறேன். அரசு பணம் ஒதுக்கிப் போட்ட சைக்கிள் பாதை, பச்சை பெயிண்டோடு, இந்த நிறுத்தத்தில் சட்டென்று முடிந்துவிடுகிறது. மீதிக்கு இன்னும் நிதி வரவில்லையாம். அதற்கு அப்பால் லாரிகள்தான்.

ஷூ கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் ஆட, ஒரு பெண் பள்ளிக்கூடச் சைக்கிளில் தள்ளாடி வருகிறாள். பாதை முடிந்தும் நிற்கவில்லை. பாய்ந்து ஹேண்டில்பாரைப் பிடிக்கிறேன்.

"என்னம்மா, பிரேக் பிடிக்கலையா?"

"மறந்துட்டேன்க்கா. குதிகாலை அழுத்திட்டேன். தையல் மிஷினை அப்டித்தான் நிறுத்துவோம்." சிரிக்கிறாள். "கம்பெனி வேனு எங்க தெருவுக்கு வர்றதில்ல. டெய்லி நடந்து வர்றது பேஜாரு. அதான் பொண்ணு சைக்கிள்ல கத்துக்கிறேன்."

சைக்கிளைத் திருப்பிக்கொண்டே கேட்கிறாள்: "இங்கியே நில்லுங்கக்கா. நீங்க நின்னா பயம் கம்மி. இன்னொரு வாட்டி வர்றேன்."

பாதையின் விளிம்பில் இரண்டு கைகளையும் நீட்டி நிற்கிறேன். நீட்டிய கையைப் பார்த்து வேலூர் பஸ் வந்து நிற்கிறது. போகச் சொல்லித் தலையாட்டுகிறேன். கண்டக்டர் முறைக்கிறார்.

கையை இறக்க முடியாது. அவள் வந்துகொண்டிருக்கிறாள்.