சாப்பாட்டுப் பையில் பியூஸ் கட்டை

வீரபாண்டிச் சாயப்பட்டறைகளில் கழிவுநீர்த் தொட்டிக்கு மீட்டர் மாட்ட வேண்டுமென்றால் விஜயகுமாரியைத்தான் கூப்பிடுவார்கள். சேவூர்க்காரி, ஐடிஐ படித்தவள். அவள் அப்பா ஈரக்கையோடு தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டரைத் தொட்டவர். உயிர் தப்பியது, இரண்டு விரல்கள் மடங்கியே போயின. அன்றிலிருந்து கரண்ட் விஷயத்தில் அவள் பெற்ற அப்பனையும் நம்ப மாட்டாள்.

வேலையைத் தொடும்முன், தான் கைவைக்கப்போகும் கரண்ட் பெட்டியின் பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொள்வாள். பிறகு ஓடுகிற மோட்டாரின் பெட்டியில் கரண்ட் பார்க்கும் கைமீட்டரை வைத்து, அது ஒழுங்காகக் காட்டுகிறதா என்று பார்ப்பாள். அப்புறம்தான் தன் பெட்டியில் வைப்பாள். டீ குடித்துவிட்டு வந்தாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். கழிவுநீர் பிளான்ட்டைப் பார்த்துக்கொள்ளும் சென்னியப்பனுக்கு இது தீராத கேலி.

"பியூசே உங்க தூக்குப்போசி பக்கத்துல தூங்குது. அப்பறம் எதைங்க அம்மிணி சோதிக்கறீங்க?"

"அதான் தெரியலீங்கண்ணா. தெரிஞ்சா எதுக்குச் சோதிக்கறேன்?"

ஆயுத பூசையன்று, கழிவுநீரின் அமிலத்தன்மையைக் காட்டும் புது பிஹெச் சென்சார் மாட்ட வந்திருந்தாள். பூசைக்காகத் தரையெல்லாம் கழுவி ஈரம். எல்லோரும் வெறுங்கால், ரப்பர் பூட்சைக் கழற்ற முடியாது என்று இவள் மட்டும் ஒரே பிடி. சென்சார் கேபிளை மோட்டார் கேபிளோடு சேர்க்காமல் தனிக் குழாயில் இழுத்தாள். பெட்டிக்குள் தண்ணீர் இறங்காதபடி துளையை இறுக்கி, எர்த்தும் கட்டினாள். மெயின் ஒயர் இரண்டையும் முறுக்குவதுதான் பாக்கி. கை கழுவிவிட்டு வந்து, வழக்கம்போல மோட்டார் பெட்டியில் பார்த்துவிட்டுத் தன் பெட்டியில் மீட்டரை வைத்தாள்.

சைபர் காட்ட வேண்டியது இருநூற்று முப்பது வோல்ட் காட்டியது.

"அண்ணா! இந்தப் பெட்டிக்கு ஆருங்க கரண்ட் குடுத்தது?"

சென்னியப்பன் குங்குமத் தட்டோடு ஓடி வந்தார். "பியூசைப் புடுங்குனதும் வாசல்ல சாமி படத்துச் சீரியல் லைட்டு அணைஞ்சு போச்சுங்க. அது இந்தப் பெட்டி பிளக்குலதானுங்க இருக்குது. மொதலாளி வர்ற நேரம். மோட்டார் பெட்டில இருந்து ஒரு ஒயரை இழுத்து இதோட இன்னொரு பிளக்குல..."

பாதியில் நின்றுவிட்டார். பியூஸ் இல்லாமலேயே, விளக்குக்குப் போன கரண்ட் இவள் தொடவிருந்த ஒயருக்கும் வந்திருந்தது.

விஜயகுமாரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்த ஒயரைப் புடுங்கி என்ற சாப்பாட்டுப் பையில போடுங்க. இங்க வந்து மீட்டரைப் படிங்க."

ஒயர் பைக்குள் போனதும் அவள் முதலில் மோட்டார் பெட்டியில் மீட்டரை வைத்தாள், கரண்ட் காட்டியது. பிறகு தன் பெட்டியில் வைத்தாள்.

"சைபருங்க."

"இன்னொருக்கா பாருங்க."

"சைபருங்க அம்மிணி."

வாசலில் மணி அடித்தது. கற்பூரம் ஏற்ற வேண்டும், வாங்க என்று முதலாளி குரல் கொடுத்தார். விஜயகுமாரி ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். சென்னியப்பன் வேறு யாரும் ஒயர் இழுக்காதபடி மோட்டார் பெட்டியை மறைத்துக்கொண்டு, தட்டோடு அங்கேயே நின்றார்.

"கூப்புடறாங்கண்ணா, போங்க."

"நீங்க முறுக்கி முடிங்க அம்மிணி. சாமி காத்திருக்கும்."