முதுகில் தைத்த கடல்

அந்தக் கடற்கரைச் சாலை எப்படி இருக்கும் என்று அவளிடம் மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. ஆண்டு தவறாமல் விடுமுறையில் சைக்கிளில் அந்தச் சாலை முழுக்கப் போய், அதன் முடிவில் நிற்கும் மலையிலும் ஏறி இறங்கியவள்தான். ஆனால் அங்கே அவள் பார்த்ததெல்லாம் ஒரு முதுகு. சாதாரண முதுகில்லை, வாசல் கதவைக் கழற்றிச் சட்டை போட்டுவிட்டது போன்ற முதுகு. அதன் சொந்தக்காரர் அவள் கணவர், பஸ் டெப்போவில் டைம்கீப்பர்.

கல்யாணமான புதிதில், கடலோர விடுதி ஒன்றை இழுத்து மூடினார்கள். அங்கே விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்த இரட்டை சைக்கிளை அவர் வாங்கி வந்தார். ஒரே சட்டத்தில் இரண்டு சீட், இரண்டு ஜோடி பெடல். ஹேண்டில், பிரேக், மணி எல்லாம் முன்னால் உட்காருபவருக்கு. பின்னால் இருப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, அவ்வளவுதான். பெடல்கள் ஒன்றோடொன்று பிணைந்தவை; முன்னவர் மிதித்தால் பின்னவர் காலும் சுற்றியே ஆக வேண்டும்.

"நம்ம குடும்பம் மாதிரியே இருக்குல்ல?" என்றார் டைம்கீப்பர். கேலி செய்கிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள்.

அவள் தையல்காரி. முன்னறையில் ஜன்னலோரம் மெஷின். சுற்றிலும் பள்ளிச் சீருடைகளும் தலையணை உறைகளும் மலையாகக் குவிந்து கிடக்கும். கணவரின் சட்டைகளும் அவள் கைவேலைதான். ஆகவே விடுமுறை முழுக்க அவள் கண்முன்னே ஓடியது அவளுடைய தையல். ஒரு வருடம் தோள்பட்டையில் தையல் இம்மி கோணிவிட்டது. மலை ஏறி இறங்கும்வரை அந்தக் கோணல் அவளையே முறைத்துக்கொண்டு வந்தது.

பக்கவாட்டில் பார்ப்பதுதானே என்பீர்கள். பார்க்காமலா இருந்தாள்?

"தலையத் திருப்பாத! வண்டி இழுக்குது."

"கடல் அந்தப் பக்கம்தானேங்க இருக்கு?"

"அது எங்க ஓடிப்போகப் போகுது? நேரா உக்காரு."

"அப்போ முன்னாடி என்ன தெரியுதுன்னாவது சொல்லுங்க."

"ரோடு."

அத்தோடு சரி. எதிர்க்காற்று அடித்தால் காக்கைகள் இறக்கையை மடக்கிக்கொண்டு நடந்தே போகும் சாலை அது. அங்கேகூட அவர் நிறுத்த மாட்டார். டெப்போவில் பஸ் கொஞ்சம் பிந்தினாலும் டிரைவரை வறுத்தெடுக்கிற மனிதர், விடுமுறைக்கும் கடிகாரத்தைக் கழற்றவில்லை. நிறுத்தினால் காலில் ஏறிய சூடு ஆறிவிடுமாம். மலையின் பாதியில் ஒரு கொண்டை ஊசி வளைவு உண்டு. அங்கே நின்றால் கடல் முழுவதும் காலடியில் விரியும் என்று போனவர்கள் எல்லாம் சொன்னார்கள். அந்த வளைவில் நிற்காமல் போகிறவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்: ஆம்புலன்ஸ்காரர், டைம்கீப்பர்.

"ஒரே ஒரு தடவை நான் முன்னாடி உக்காந்துக்கறேங்க. அந்த வளைவுல நிறுத்திப் பாத்துட்டு வந்துடறேன்."

"அடுத்த வருஷம் பாக்கலாம்."

அவள் ஆசைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான். வேறு எதையும் அவரிடம் கேட்டதாக நினைவில்லை.

பல அடுத்த வருஷங்கள் போனபின் ஒரு பயணத்துக்கு முன்னால், அவள் சீருடைக்கு வாங்கிய நீல நூலை எடுத்து, அவருடைய புதுச் சட்டையின் முதுகில் ஒரு கடலைத் தைத்தாள். அலை, ஓரத்தில் நுரை, தூரத்தில் பட்டாணி அளவில் ஒரு படகு. அவருக்குத் தெரியாமல் மாட்டியும் விட்டாள். அன்று காலைப் பொழுது முழுக்க அவள் கடலைப் பார்த்துக்கொண்டே மிதித்தாள். அவர் மூச்சு வாங்கும்போது அலை ஏறி இறங்கியது. அந்தச் சாலையில் அவள் மகிழ்ச்சியாக இருந்தது அந்த ஒரு காலைதான்.

டீக்கடைக்காரர் கெடுத்துவிட்டார். "சார், உங்க முதுகுல அலை அடிக்குது! யாராவது குளிக்க இறங்கிடப் போறாங்க!"

கடையே சிரித்தது. டைம்கீப்பர் சட்டையைக் கழற்றிப் பார்த்தார். பிறகு அவள் மடியில் போட்டார்.

"பிரி."

"ஊருக்குப் போய்ப் பிரிச்சுடறேங்க."

"இப்பவே."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, எல்லார் முன்னாலும், பிளேடால் அலை அலையாகப் பிரித்தாள். மிச்சப் பயணத்தில் அவள் பார்த்தது ஊசி குத்திய ஓட்டைகளை.

காலம் போனது. டைம்கீப்பர் ஓய்வு பெற்றார். பார்வை ஓரத்திலிருந்து மங்கத் தொடங்கியதை யாரிடமும் அவர் சொல்லவில்லை. பட்டப்பகலில் ஜல்லிக் குவியலில் வண்டியை ஏற்றி, அவள் முழங்கையைப் பெயர்த்துவிட்டு, "நீதான் பின்னாடி ஆட்டுன" என்றார். கண் டாக்டர் பார்த்துவிட்டு, நரம்பு பழுதாகிவிட்டது, போன பார்வை திரும்பாது என்றார். அடுத்த பயணத்துக்குள் அவருக்கு வெளிச்சமும் நிழலும்தான் மிச்சம். ஆனாலும் பயணம் தவறக் கூடாதாம்.

அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனாள்.

"உங்க உயரத்துக்கு முன்சீட்ட எறக்கறதுக்குள்ள உயிரே போயிடுச்சுக்கா" என்றார் மெக்கானிக். "துருப்பிடிச்சு இறுகிக் கெடக்கு. ஒரு தடவகூட எறக்கச் சொல்லிக் கேக்கலையா?"

"கேட்டேன் தம்பி. உங்ககிட்ட இல்ல."

அவள் முன்னால் உட்கார்ந்தாள். ஹேண்டிலைப் பிடித்த கொஞ்ச நேரத்திலேயே ஒன்று புரிந்தது. பள்ளம், மணல், குறுக்கே ஆடு, எதிரே லாரி. கண்ணை எடுக்க முடியவில்லை. முன்சீட்டிலிருந்து தெரிவது உண்மையிலேயே ரோடுதான். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கசந்தது. அத்தனை வருஷமும் அவரும் பார்க்கவில்லை. அவளையும் பார்க்க விடவில்லை. பிரேக் அவர் கையிலேயே இருந்தது, பிடித்திருந்தால் போதும்.

வளைவு வந்தது. அவள் பிடித்தாள்.

"ஏன் நிறுத்தின? செயின் கழண்டுடுச்சா?"

"இல்ல."

"கால் சூடு ஆறிடும்."

"ஆறட்டும்."

அவரை இறக்கிப் பின்சீட்டுக் கம்பியைப் பிடிக்க வைத்துவிட்டு, தடுப்புச் சுவரோரம் போய் நின்றாள். காற்று முகத்தில் அடித்தது. அவருக்கும் அடித்திருக்க வேண்டும்.

"இது அந்த வளைவுதானே?" அந்தக் குரலை அவள் அதுவரை கேட்டதில்லை, கெஞ்சும் குரல். "கொஞ்சம் சொல்லேன். என்ன தெரியுது?"

சொல்ல அவளிடம் வேண்டிய மட்டும் இருந்தது.

"ரோடு" என்றாள்.



அவள் ஆசை தீரப் பார்த்தாள். கீழே சாம்பலும் பச்சையுமாக நிறையத் தண்ணீர் கிடந்தது. நீல நூல் எடுத்தது தப்பு என்று தோன்றியது. அதைச் சொல்லிச் சிரிக்க, திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் கம்பியை இறுகப் பிடித்தபடி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவள் சொல்லவில்லை.

"ஏறுங்க, நேரமாச்சு."

அவள் மிதித்தாள். பின்னால் அவர் காலும் சுற்றியது.