கையெழுத்து வாங்கப் போன கடற்கரைச் சாலை

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் வழியாகப் பெரியதாழை போக வழி கேட்டு இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சாலையில் நான் முதன்முதலாகப் போனது 1974 ஜனவரியில். ஊர் பார்க்கப் போகவில்லை. மதுரையில் ஓர் அறக்கட்டளையில் எழுத்தராக இருந்தேன். சிறையிலிருந்து விடுதலையானவர்களுக்கு வேலை தேடித்தரும் தூத்துக்குடிச் சங்கம் ஒன்றுக்கு நாங்கள் மானியம் கொடுத்துவந்தோம். இரண்டாம் வருட மானியத்துக்கு, வேலை கொடுத்த முதலாளிகளிடம் படிவத்தில் கையெழுத்து வாங்கிவர என்னை அனுப்பினார்கள்.

முந்தின நாளே திருநெல்வேலி வந்து தங்கி, காலை ஆறரைக்கு அங்கே பஸ் ஏறினேன். ஐம்பது கிலோமீட்டர், இரண்டரை ரூபாய். தூத்துக்குடிக்குச் சற்று முன்னால் வரும் புதுக்கோட்டையில் டீக்கு நிறுத்தியும் எட்டு மணிக்கெல்லாம் தூத்துக்குடி வந்துவிட்டது.

சங்கத்தை நடத்தியவர் நாசரேத்துக்காரரான ஜெபமணி டீச்சர். மூன்று பேருக்கு வேலை வாங்கித் தந்திருந்தார். இரண்டு பேர் உப்பளத்தில். அங்கே முதலாளிக்கு எல்லாம் தெரியும். மூன்றாமவர் சவரி, பெரியதாழைக்காரர், நாற்பது வயதிருக்கும். தோணிப் பட்டறையில் பலகை இடுக்குகளில் பஞ்சு அடைக்கும் வேலை.

“சார், பட்டறையில மட்டும் கேக்காதிய. அங்க மொதலாளிக்குத் தெரியாது,” என்றார் டீச்சர்.

“மூணு கையெழுத்தும் வேணும் டீச்சர். இல்லேன்னா மானியம் வராது.”

“வராட்டா போவுது. எட்டு மாசமாத்தான் அந்த மனுசன் நிம்மதியா இருக்காரு.”

எனக்கு வயது இருபத்து நான்கு. விதிதான் பெரிதாகத் தெரிந்தது. உப்பளத்துக் கையெழுத்துகளை வாங்கிக்கொண்டு, டீச்சரிடம் சொல்லாமல் பட்டறைக்குப் போனேன்.

முதலாளி படிவத்தை இரண்டு முறை படித்தார். பிறகு குரல் கொடுத்தார். “ஏலே சவரி, நீ செயில்லயா இருந்த?”

சவரி கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். “ஆமா மொதலாளி. ஆறு வருசம்.”

“ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா வேல தந்திருப்பியளா?”

முதலாளி படிவத்தில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். “வேல குடுத்தது நெசம், அதுக்குக் கையெழுத்து. ஆனா இனி இவன் இங்கன வேண்டாம்.”

கையில் மூன்று கையெழுத்தும் இருந்தன. எதிரே வேலை இழந்த மனிதர் நின்றார்.

ஊருக்குப் போகிறேன் என்று கிளம்பியவருடன், கூப்பிடாமலே நானும் பஸ் ஏறினேன். பதினொன்றேகால் வண்டி, திருச்செந்தூர் நாற்பது கிலோமீட்டர், இரண்டு ரூபாய். ஆறுமுகநேரி தாண்டியதும் அவர்தான் பேசினார், என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளித்தபோது தானும் இறங்கியதாகவும், கரையில் குவிந்த சிப்பி நாற்றத்தில் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை என்றும் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

திருச்செந்தூரில் பெரியதாழை பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. கோயில் வாசலருகே ஒரு லாட்ஜில் ஆள் தேவை என்று எழுதியிருந்தார்கள். நான் முன்னால் போனேன். சவரி தடுத்தார். “இந்தத் தடவ நானே சொல்லுதேன் சார்.”

உள்ளே போய் முதலாளியிடம் சொன்னார். “அண்ணாச்சி, நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன். சண்டையில ஒருத்தனக் குத்திட்டேன், செத்துட்டான். ஆறு வருசம் செயில்ல கெடந்தேன். வேல வேணும்.”

அண்ணாச்சி அவருக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். “யாரு பொறுப்பு?”

“நான்,” என்றேன். விலாசத்தை எழுதிக் கொடுத்தேன்.

“நாளைக்கு வெள்ளென வாரும். குளியலறைக்குச் சுடுதண்ணி எடுக்கணும்.”

மதுரைக்குத் திரும்பி, நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். பட்டறை வேலை போய்விட்டதால் அந்த வருடம் சங்கத்துக்குப் பாதி மானியம்தான் போயிற்று. டீச்சர் என்னிடம் ஒரு வருடம் பேசவில்லை. அடுத்த வருடப் படிவத்தில் முதலாளி கையெழுத்துக்கான கட்டம் இல்லை.

போகிறவர்களுக்கு: ஜனவரி நல்ல மாதம். தூத்துக்குடியிலிருந்து இடப்பக்க ஜன்னல் பிடியுங்கள். திருச்செந்தூரிலிருந்து பெரியதாழை முப்பது கிலோமீட்டர். மாலைக்குள் திரும்ப வண்டி இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சவரி அந்த லாட்ஜில் பதினோரு வருடம் இருந்தார். பிள்ளைகளோடு போகும்போதெல்லாம் நாங்கள் அங்கேதான் தங்குவோம். ஒருமுறை கேட்டே விட்டேன்: “அன்னைக்கு நான் பட்டறைக்கு வராம இருந்திருக்கலாம், இல்லையா?”

“ஆமா சார். வந்திருக்கப்படாது,” என்றார். பிறகு கையைச் சுடுதண்ணீர் வாளிக்குள் விட்டுச் சூடு பார்த்துவிட்டு, என் சின்ன மகளைக் குளிக்கக் கூப்பிட்டார்.